ஹட்டனிலிருந்து பேராதனைக்கு நாற்பது வளைகள்

தகுதிகாண் விரிவுரையாளராக இருந்த காலத்தில், பதவி உறுதிப்படுத்தப்படுவதற்கு முதுதத்துவமாணிப் பட்டத்தை முடித்தாக வேண்டியிருந்ததால், மலையகத்தில் வளரும் யூக்கலிப்டஸ் கிராண்டிஸ் மரத்தின் வளைவு வலிமையை, அதாவது சுமையால் வளையும்போது முறியாமல் தாங்கும் திறனை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். பதிவும் முன்மொழிவும் தடங்கலின்றி முடிந்தன. மரத்தைப் பேராதனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் அகப்பட்டுக்கொண்டேன்.

50 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட 40 வளைகளை, அதாவது சுமை தாங்கும் நீள மரச் சட்டங்களை, ஹட்டனில் அரிவித்திருந்தேன். மரச் சோதனைக்கான ஐரோப்பிய நியமமான இஎன் 408, தாங்கிகளுக்கிடையிலான தூரம் வளையின் உயரத்தைப் போல் 18 மடங்கு இருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொன்றும் இரண்டு மீற்றர் நீளம். அரிந்த மரம் என்று நான் இருமுறை சொல்லியும், மரத்தை ஏற்றிச்செல்வதற்கான அனுமதிப்பத்திரம் எழுதிய எழுதுவினைஞர் குற்றிகள் என்றே எழுதிவிட்டார். சிங்களத்தில் இருந்த அந்த ஒரு சொல்லை வாசிக்காமல் கையொப்பமிட்டேன். நாவலப்பிட்டிக்கு அருகே லொறியை மறித்தவர்கள் அந்தச் சொல்லில்தான் விரல் வைத்தார்கள். திருத்தம் பெற ஹட்டனுக்குத் திரும்பினால், ஒப்பமிட வேண்டிய அலுவலர் வெளிக்களப் பணிக்குப் போயிருந்தார். இரண்டு நாட்கள் லொறி வீதியோரத்தில் நிற்க, மழையில் படங்கு கிழிந்து மேலடுக்கில் இருந்த 14 வளைகள் ஊறிவிட்டன.

ஈரப்பதன் ஏறக்குறைய 30 வீதத்தை எட்டும் வரை, ஈரம் கூடக் கூட மரத்தின் வலிமை குறைந்துகொண்டே போகும். அந்த வளைகளை அப்படியே சோதித்திருந்தால், நான் மழையைத்தான் அளந்திருப்பேன். மலையகத்துக் குளிர்காற்றில் எத்தனை நாள் அடுக்கி வைத்தாலும் மரம் சோதனைக்கு வேண்டிய 12 வீத ஈரப்பதனுக்கு இறங்குவதில்லை. ஆகவே 20 பாகை வெப்பநிலையும் 65 வீதச் சாரீரப்பதனும் உள்ள அறையில் அவற்றை வைத்து, ஒவ்வொரு வாரமும் நிறுத்துப் பார்த்துக் காத்திருந்தேன். சோதனை இயந்திரத்தில் எனக்குக் கிடைத்திருந்த முறை இதற்குள் கைமாறிப்போனது.

இந்த வழியில் வருபவர்கள், பத்திரத்தில் மரத்தின் இனம், வடிவம், எண்ணிக்கை மூன்றையும் அலுவலகத்தை விட்டு வெளியேறுமுன் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மர ஆலையின் பற்றுச்சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். படங்கை நம்பாமல் ஒவ்வொரு வளையையும் பொலித்தீனில் சுற்றுங்கள்.

முதல் வளை முறிந்த அன்று ஆய்வுகூடத்தில் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழ்ப்பக்கத்தில், இரு சுமைப் புள்ளிகளுக்கும் நடுவே நான் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டிருந்த கணுவில் தொடங்கிய வெடிப்பு, இழையோட்டத்தைப் பற்றிக்கொண்டு சாய்வாக ஓடியிருந்தது. அந்தத் துண்டைத்தான் இன்றும் முதல் வகுப்பில் மாணவர்களின் கையில் கொடுக்கிறேன்.