முக்கோணத்தோடு நாற்கோணமும்: சொந்தமாக எஃப்இஎம் நிரல் எழுதப் போகிறவர்களுக்கு

எம்.இ. இரண்டாம் ஆண்டில், "ரெடிமேட் மென்பொருளில் கலர் கலராகப் படம் எடுத்துக்கொண்டு வராதே, நீயே எழுது" என்று சொல்லிவிட்டார் கைடு. எஃப்இஎம் (ஃபைனைட் எலிமெண்ட் மெத்தட்) என்பது ஒரு பொருளைச் சின்னச் சின்ன எலிமெண்ட்டுகளாகப் பிரித்து, அவற்றின் மூலை போன்ற புள்ளிகளில் (நோடுகளில்) இடப்பெயர்ச்சியைக் கணக்கிடும் முறை. 3 நோடு முக்கோண எலிமெண்ட்டுக்குப் பைத்தானில் நிரல் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. முதல் ரிவ்யூவில் நல்ல பெயர். கூடவே ஒரு கேள்வி: "நாற்கோணம் எங்கேப்பா?"

பழைய கோப்பைக் காப்பி எடுத்து, நாற்கோணத்துக்கு மாற்றினேன். அப்புறம் 6 நோடு முக்கோணம், 8 நோடு நாற்கோணம். நான்கு கோப்புகள், ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற மூன்றிலும் திருத்த வேண்டும். தயவுசெய்து நீங்கள் இந்த வழியில் போகாதீர்கள். வடிவத்துக்கு வடிவம் மாறுவது கொஞ்சம்தான்: ஷேப் ஃபங்ஷன் (நோடு மதிப்புகளிலிருந்து எலிமெண்ட்டின் உள்ளே மதிப்பைத் தரும் சார்பு), அதன் வகைக்கெழு, தொகையீட்டைக் கூட்டலாகப் போடுவதற்கான இன்டக்ரேஷன் புள்ளிகளும் எடைகளும். இவற்றை மட்டும் எலிமெண்ட் வாரியாகத் தனியே வைத்தால், ஜேக்கோபியன் (மாதிரி வடிவத்திலிருந்து உண்மை எலிமெண்ட்டுக்கு மாற்றும் அணி), ஸ்டிஃப்னெஸ் (விறைப்பு) மேட்ரிக்ஸ், எல்லா எலிமெண்ட்டையும் ஒன்றுசேர்க்கும் அசெம்பிளி எல்லாவற்றுக்கும் ஒரே நிரல் போதும். 1960களில் ப்ரூஸ் அயர்ன்ஸ் போன்றவர்கள் வளர்த்தெடுத்த ஐசோபாராமெட்ரிக் முறை இதுதான். செமஸ்டர் தேர்வில் 16 மார்க்குக்கு எழுதியிருந்தேன். ஆனால் அது நிரல் எழுதுகிறவனின் வேலையைக் குறைக்கும் என்று அன்று உறைக்கவில்லை.

சரி, மாற்றி எழுதியாயிற்று. ஒரு கான்டிலீவர் பீமை (ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட உத்தரத்தை) முக்கோணங்களாக மட்டும் பிரித்து ஓட்டினேன். தொய்வு குறைவாக வந்தது. 3 நோடு முக்கோணம் வளைவில் விறைப்பாகத்தான் நடந்துகொள்ளும் என்று படித்திருந்ததால், பழியை அதன் மேல் போட்டேன். மெஷ்ஷை (எலிமெண்ட் வலையை) பொடியாக்கிக்கொண்டே போனேன். விடை ஒரு இடத்தில் நின்றது. சரியான விடையில் சரிபாதி! சில எலிமெண்ட்டுகளைச் சேர்த்து வைத்து, எங்கும் ஒரே அளவு திரிபு சரியாக வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்டோ அழகாகப் பாஸ் ஆகியிருந்தது. நான்கு நாள் தூக்கம் போயிற்று.

காரணம் சின்னது. இன்டக்ரேஷன் செய்யும் மாதிரி முக்கோணத்தின் (மூலைகள் (0,0), (1,0), (0,1)) பரப்பு 1/2. ஒற்றைப் புள்ளிக்கான எடையும் 1/2 ஆக இருக்க வேண்டும். நான் 1 என்று போட்டிருந்தேன். ஸ்டிஃப்னெஸ் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஓரங்களில் இடப்பெயர்ச்சியைக் கொடுத்துச் செய்யும் பேட்ச் டெஸ்டில், எல்லா எலிமெண்ட்டும் ஒரே மடங்கில் தப்பாக இருந்தால் உள் நோடின் இடப்பெயர்ச்சி மாறாது. அதனால்தான் அது காட்டிக்கொடுக்கவில்லை. நடு நோடைச் சுற்றி முக்கோணமும் நாற்கோணமும் கலந்த ஒரு சின்ன மெஷ்ஷை ஓட்டினேன், உடனே பல்லிளித்துவிட்டது. ஆகவே புதிய வடிவம் எதைச் சேர்த்தாலும் பேட்ச் டெஸ்டைக் கலப்பு மெஷ்ஷில் செய்யுங்கள். அதற்கும் முன்னால், எடையை ஜேக்கோபியன் டிட்டர்மினன்ட்டோடு பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். எலிமெண்ட்டின் பரப்பளவு வர வேண்டும். எனக்கு அந்த ஒரு வரி நான்கு நாளை மிச்சப்படுத்தியிருக்கும்.

முப்பரிமாணத்துக்குப் போகிறவர்கள் நோடு வரிசையில் கவனமாக இருங்கள். 10 நோடு டெட்ராஹீட்ரனில் (நான்முகியில்) மெஷ் உருவாக்கும் மென்பொருளான ஜிமெஷ் தரும் கடைசி இரண்டு நோடுகள், விடிகே கோப்பு வடிவத்தின் வரிசையில் இடம் மாறியிருக்கும். அப்படியே எழுதினால், முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் எலிமெண்ட்டின் விளிம்புகள் கோணல்மாணலாகத் தெரியும். பிரமிடு எலிமெண்ட், ஹெக்ஸாவும் (செங்கல் போன்ற ஆறு முக எலிமெண்ட்) டெட்ராவும் சந்திக்கும் இடத்துக்குத்தான் தேவை. அதன் ஷேப் ஃபங்ஷனில் பின்னம் வரும், உச்சிப் புள்ளியில் தகராறு செய்யும். ஒரு வருடப் புராஜெக்ட்டில் அதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம், நான் தொடவில்லை.

வைவாவில் என்னிடம் கேட்டது: "4 நோடு நாற்கோணத்துக்கு ஒரே காஸ் புள்ளி (இன்டக்ரேஷன் புள்ளி) வைத்தால் என்ன ஆகும்?" முந்தின நாள் இரவு ஓர் எலிமெண்ட்டின் ஸ்டிஃப்னெஸ் மேட்ரிக்ஸுடைய ஐகன் மதிப்புகளை அச்சிட்டுப் பார்த்திருந்ததால் தப்பித்தேன். 2×2 புள்ளிகள் வைத்தால் 8 மதிப்புகளில் 3 பூஜ்யம்; அவை திட இயக்கங்கள் (உருமாறாமல் நகர்வதும் சுழல்வதும்). ஒரே புள்ளி என்றால் 5 பூஜ்யம். கூடுதலாக வந்த அந்த இரண்டும்தான் ஹவர்கிளாஸ்: எலிமெண்ட் உருமாறியும் விறைப்பே காட்டாத போலி வடிவங்கள். அந்தத் தாளை அப்படியே எடுத்து நீட்டினேன்.