எண்ணூர் கழிமுகத்தில் ஒரு விராலடிப்பான்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காசிமேடு. ஏலம் முடிந்து கழிவு மீனை வீசும் நேரம் வந்தால் துறைமுகத்தின் மேலே பருந்துகளின் ராஜ்ஜியம்தான். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் வாலைக் கவனிக்கச் சொன்னேன். பிளவுபட்ட வால் என்றால் கரும்பருந்து. வால் வட்டமாக, தலையும் மார்பும் வெள்ளையாக, உடல் செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. "அது கருடன், தம்பி" என்று செதில் ஒட்டிய கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வியாபாரம் ஒழுங்காக நடக்கவில்லை. "இதோ பிளவு வால்!" என்று வாங்க வந்தவர்களையும் அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டார்.

ஜனவரி 8, புதன்

மாடியில் காக்கைகளின் கூச்சல். வேப்பமரத்தில் வைரி, அந்தச் சின்ன வேட்டைப் பறவை! பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வருவதற்குள் போய்விட்டது. நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறான்.

ஜனவரி 12, ஞாயிறு

எண்ணூர் கழிமுகம். படகில் பையன், அவன் அம்மா, நான், படகோட்டும் அண்ணன். வலைக்கு நட்ட கழியொன்றில் விராலடிப்பான், மீனை வேட்டையாடும் பெரிய பறவை; வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளி. "அதோ" என்று விரல் நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆளுக்கொரு திசையில் பார்ப்பார்கள். "அனல்மின் நிலையத்தின் வலது புகைபோக்கி, அதற்கு நேர் கீழே சாய்ந்த கழி, அதன் நுனி" என்றேன். கண்ணை ஒட்டி ஓடும் கரும்பட்டையைப் பையன்தான் முதலில் சொன்னான்.

திடீரென்று எழும்பியது. ஓரிடத்திலேயே சிறகடித்து நின்றது. கால்களை முன்னே நீட்டியபடி தொப்பென்று நீரில் விழுந்தது. மேலே வந்ததும் உடம்பை உதறிவிட்டு, மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டது. பைனாகுலர் இல்லாமலேயே "மடவை" என்றார் அண்ணன்.

வழுக்கும் மீன் எப்படி நழுவவில்லை என்று அம்மா கேட்டார். அதன் வெளிவிரல் பின்பக்கமும் திரும்பும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டாகக் கவ்வலாம். பாதத்தின் அடியில் சின்னச் சின்ன முட்களும் உண்டு. "எங்களுக்கு அது இருந்தால் வலையே வேண்டாம்" என்றார் அண்ணன். பிறகு பக்கத்துப் படகுக்காரரைச் சத்தம் போட்டு அழைத்து, புகைபோக்கியிலிருந்து தொடங்கி வழி சொன்னார்.

ஜனவரி 13, திங்கள்

போகிப் புகையில் எதிர் மாடியே தெரியவில்லை. அண்ணனிடமிருந்து போன்: "அதே கழி, தம்பி. இன்னொன்றும் வந்திருக்கிறது." எனக்கு அலுவலகம். பையனுக்கு விடுமுறை, பைனாகுலரைக் கேட்டு வாசலில் நிற்கிறான்.