மூச்சை ஊதி அனுப்பிய பரிசோதனை

ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் செவிலியராகச் சேர்ந்த முதல் வருடம், "எலும்புக்கு நல்லது, தினமும் பால் குடியுங்கள்" என்று அரெர்ன்டே பூர்வகுடிப் பாட்டிகளிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட வேலை பார்த்த பூர்வகுடிப் பெண் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள். எங்கள் ஆட்களில் பலருக்குப் பால் வயிற்றைப் புரட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காபி குடித்தால் எனக்கும் வயிறு பொருமும். சரி, நாமே சோதித்துப் பார்ப்போம் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கினேன். மூச்சுப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வந்தது. பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்ததால் நாலு வாரம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. முந்தின நாள் வெள்ளைச் சோறும் கோழியும்தான். பருப்பு, காய்கறி கூடாது. இரவு முழுக்கப் பட்டினி. காலையில் வெறும் வயிற்றில் ஒரு குழாயில் ஊதிவிட்டு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைக் கரைத்த தண்ணீரைக் குடித்தேன். அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை, மூன்று மணி நேரம் ஊத வேண்டும். இரண்டாவது மணியில் வயிறு கடமுடாவென்று உருள, உட்காரவே முடியவில்லை. ஒரு 'நல்ல' அறிவுரையால் அந்தப் பாட்டிகள் பட்டது இதைத்தானா என்று மனசு கனத்தது.

முதலில் ஊதியதைவிட மூச்சில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் ஏறினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று கணக்கு. எனக்கு அதையும் தாண்டிவிட்டது.

இது நோயே இல்லை. பால்குடி மறந்தபின் சிறுகுடலில் லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவது மனித உடம்பின் பழைய வழக்கம். உலகின் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் இப்படித்தான். செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன; அதில் உள்ள ஹைட்ரஜன்தான் ரத்தம் வழியாக மூச்சில் வருகிறது. ஆஸ்திரேலியாவுக்கு மாடு வந்ததே 1788இல், ஆங்கிலேயர் கப்பலில். அதற்கு முன் ஐம்பதாயிரம் வருடத்துக்கும் மேலாக இந்த மண்ணில் கறவை மாடே கிடையாது. வளர்ந்தபிறகும் பாலைச் செரிக்கும் உடம்பு பூர்வகுடிகளுக்கு ஏன் வேண்டும்?

இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்: "டீயில் பால் பவுடர் எத்தனை ஸ்பூன், குடித்தபின் வயிறு எப்படி?" பால் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்தான். பால் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் லாக்டோஸ் நீக்கிய பால், கெட்டியான பழைய சீஸ், முள்ளோடு சாப்பிடும் டின் மீன் என்று சொல்கிறேன். டின் மீன் என்றதும் பாட்டிகள் முகம் மலர்கிறது. அது ஏற்கெனவே அவர்கள் வீட்டில் இருக்கிறது.