போக்கர் தொடருக்கு எந்த ஊர், எந்த ஹால்?

வாளையார், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் ஆட்டக்காரர்களுக்குக் கோவையும் பாலக்காடும் கைக்கெட்டும் தூரம். அங்கேயே போக்கர் சீட்டாட்டப் போட்டித் தொடர் வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். வேண்டாம். 1960-ம் வருடக் கேரள கேமிங் சட்டத்தின் கீழ், ‘இது திறமை ஆட்டம்’ என்ற வாதத்தை மட்டும் நம்பி ஹோட்டல் ஹாலில் பை-இன் (ஆட்டத்தில் சேரக் கட்டும் பணம்) வாங்கினால், போலீஸ் வரும் நாளில் பரிசுப் பணம் மொத்தமும் முடங்கும். எல்லை தாண்டிக் கோவைப் பக்கம் வந்தாலும் ஆபத்து அதேதான். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பது காசினோவுக்கு அரசு உரிமம் தரும் இடங்கள். அதில் நமக்குப் பக்கம் கோவாதான்.

கோவாவில் எங்கே? பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் காசினோ கப்பல் என்றால் முதலில் கேட்க வேண்டியது, ஒரே தளத்தில் எத்தனை மேசை போடலாம் என்பது. 600 என்ட்ரியை மூன்று ஃபிளைட்டாக (தனித்தனி நாளில் ஆட்டத்தைத் தொடங்கும் குழுக்களாக) பிரித்தால் ஒரு நாளைக்கு 200 பேர். மேசைக்கு ஒன்பது பேர் வீதம் 23 மேசை. மேசை எட்டடி நீளம் இருக்கும். இரண்டு மேசைக்கு நடுவே ஆறடியாவது விட்டால்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழ முடியும். இரண்டு தளமாகப் பிரிந்துவிட்டால், ஆள் குறைந்து ஒரு மேசையைக் கலைக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) தட்டோடு படியேற வேண்டும். ஆட்டம் நிற்கும், சிப்ஸ் சிதறும், சண்டை வரும்.

டீலர் (சீட்டுப் போடுபவர்) கணக்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் ஆட்டம், அரை மணி ஓய்வு என்றால் நாலு மேசைக்கு ஐந்து டீலர். 23 மேசைக்கு 29 பேர். அவர்களுக்கும் பக்கத்திலேயே அறை வேண்டும்.

எல்லாரும் கோட்டைவிடுவது கழிப்பறை. 15 நிமிட பிரேக்கில் 200 பேரும் ஒன்றாக எழுவார்கள். பத்து இடம்தான் இருக்கிறது என்றால் ஆளுக்கு 45 நொடி. வரிசையில் நிற்பவனின் ப்ளைண்ட் (முறை வந்தால் கட்டாயம் வைக்க வேண்டிய சிப்ஸ்) மேசையில் கரையும். இடம் பார்க்கப் போகும்போது இதை எண்ணிவிட்டு வாருங்கள். வேறு வழியில்லை என்றால் பாதி மேசைகளுக்கு முன்னால் ஒரு பிரேக், மீதிக்குப் பின்னால் ஒன்று எனப் பிரிக்கலாம்.

அடுத்தது, ராத்திரி இரண்டு மணிக்குத் தோற்று எழுந்தவன் கட்டிலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? நடந்து பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், சாப்பாடும் அப்படியே. உலகத் தொடரான டபிள்யூ.எஸ்.ஓ.பி. 2005 முதல் 2021 வரை லாஸ் வேகாஸில் ஸ்ட்ரிப் சாலைக்கு வெளியே ரியோ ஹோட்டலில் நடந்தது. 2022-ல் ஸ்ட்ரிப்பிலேயே இருக்கும் பாலிஸ் (இப்போது ஹார்ஸ்ஷூ), பாரிஸ் ஹோட்டல்களுக்கு மாறியது. கதவைத் திறந்தால் நடக்கிற தூரத்தில் பத்துச் சாப்பாட்டுக் கடை, வேறு ஹோட்டல் அறைகள். ஆட்டக்காரருக்கு அது பெரிய நிம்மதி.

நம்ம ஆட்களுக்குப் பயணம் பெரும்பாலும் ரயில்தான். ஷொரணூரில் மங்களா அல்லது நேத்ராவதி பிடித்தால் மட்காவ். அங்கிருந்து பனாஜி 30 கிலோமீட்டருக்கு மேல். கர்மாலியில் நிற்கும் வண்டி கிடைத்தால் இன்னும் பக்கம். விமானத்தில் வருபவர் டிக்கெட்டில் டாபோலிமா மோபாவா என்று பார்க்க வேண்டும். ஒன்று தெற்கே, ஒன்று வடக்குக் கோடியில். ஜூனிலிருந்து கொங்கண் பாதையில் மழைக்கால அட்டவணை, வண்டிகள் மெதுவாகப் போகும். அந்த மாதங்களில் வைத்தால் ஆட்டத்தின் முதல் ஃபிளைட்டுக்கு முந்தின நாளே வந்து சேரச் சொல்லுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. தொடர் அட்டவணை 75 நாள் முன்னாலாவது வெளிவர வேண்டும், கடைசி நாள் ஞாயிறா திங்களா என்பதோடு சேர்த்து.