கல்லறைத் தோட்டத்தில் ஜியோகேச் தேடுபவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பீச்வொர்த் மாதிரி பழைய தங்கச் சுரங்க ஊர்களுக்கு ஜியோகேச் (யாரோ ஒளித்துவைத்து, ஜிபிஎஸ் புள்ளியை வைத்து நாம் கண்டுபிடிக்கும் டப்பா) தேடப் போகிறீர்களா? டப்பாவைக் கல்லறைகளுக்கு நடுவே தேடவே தேடாதீர்கள். ஒழுங்காக அமைத்த தேடலில் உள்ளே கல்லறைக் கற்களில் உள்ள எண்களை மட்டும்தான் சேகரிப்போம். அவற்றை வைத்துத்தான் டப்பா இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடுவோம், டப்பா வேலிக்கு வெளியே இருக்கும்.

பெரும்பாலும் தவறுவது கல்லில் இருக்கும் ஆண்டைப் படிப்பதில்தான். பளிங்கில் பதித்த ஈய எழுத்துகள் உதிர்ந்துவிடும். 3-க்கும் 8-க்கும், 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாது. அட்சரேகை நிமிடத்தில் மூன்றாம் தசம இடம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர்தான். இரண்டாம் இடத்தில் 3-ஐ 8 என்று எடுத்தால் 93 மீட்டர் தள்ளிப் போய்விடும், அடுத்தவர் தோட்டத்துக்குள் நிற்பீர்கள்! அதனால் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை (சரியான எண்களைக் கூட்டினால் வரவேண்டிய தொகை) கொடுத்திருந்தால் கிளம்பும் முன்பே கூட்டிப் பாருங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டி, மாவு தேய்க்காதீர்கள், பிரஷ்ஷும் வேண்டாம். 150 வருடக் கல், மேற்பரப்பு பொடியாகவே வந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடியுங்கள், நிழலில் எழுத்து தானாக எழும்பும்.

மரத்தடியில் ஜிபிஎஸ் 10 மீட்டர் வரைகூட அலையும். வெட்டவெளியில் ஒரு நிமிடம் நின்று திசையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடங்கள். கோடையில் மரப்பொந்தில் கைவிடும் முன் குச்சியால் தட்டுங்கள், பாம்பு இருக்கும். டப்பாவுக்குள் இருக்கும் பதிவேட்டில் உங்கள் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தாளில் பேனா எழுதாது.

பீச்வொர்த் கல்லறைத் தோட்டத்தில் 1857-இல் சீனத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எரிகோபுரங்கள் (இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனைத் தாள்களை எரிக்கும் கோபுரங்கள்) இருக்கின்றன. அவற்றையும் நின்று பாருங்கள். அடக்கம் நடக்கிற நாளில் மட்டும் திரும்பிவிடுங்கள்.