லேபிள்ல பாதி எழுத்துதான் இருக்கு

ஆதார் இருக்கே, செத்தவரு யாருன்னு கைரேகைய வெச்சு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடலாமேன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்கபா. முடியாது. 2016 ஆதார் சட்டம் 29-வது பிரிவுப்படி ரேகை, கருவிழி விவரத்த யாருக்கும் தரக்கூடாது, சாதாரண கேசுக்கு போலீஸ் கேட்டாலும் கெடைக்காது. அதனால அடையாளம் தெரியாத பாடி வந்தா இன்னமும் ஏட்டய்யா பழைய மிஸ்ஸிங் ஃபைலத்தான் புரட்டணும்.

காசிமேடு பக்கம் பொணமா கரை ஒதுங்குன பெரியவருக்காக நானும் கூட ஒக்காந்து தேடுறேன். மூஞ்சி உப்பிப்போச்சு, ஃபோட்டோ வேலைக்காவாது. வலது கையில பச்சை குத்துன நங்கூரம், சட்டைக் காலர்ல டைலர் லேபிள், அதுல "...ர் டைலர்ஸ், பழைய வண்ணா" வரைக்கும்தான் தெரியுது, மீதி உப்புத்தண்ணில போச்சு. ஃபைல்ல பாத்தா எல்லாம் 'மாநிறம், சராசரி உயரம்'. யோவ், பாதி ராயபுரமே அப்படித்தான்யா இருக்கும்!

வீட்ல யாராச்சும் காணாம போயிருந்தா தழும்பு, கட்டுன பல்லு, பழைய ஆபரேஷன் எல்லாத்தையும் சொல்லி எழுத வைங்க, முன்னாடியே கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தாலும் போயி சேத்துட்டு வாங்க.

பழைய வண்ணாரப்பேட்டைல அந்தக் காலத்து டைலருங்கள தெரிஞ்சவங்க இன்பாக்ஸ் வாங்க, லேபிள் ஃபோட்டோ அனுப்புறேன். பாடி ஃபோட்டோ யாரும் கேக்காதீங்க, தரமாட்டேன்.