வினிகர் ஊற்றினால் பொங்கும் உறவுகள்

மீன் தொட்டிக்கு நான் கல் தேடுகிறேன் என்ற செய்தி எப்படியோ சொந்தக்காரர்களிடம் பரவிவிட்டது. அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கல்லோடு வருகிறார்கள்.

என் தொட்டியில் இருப்பவை எம்புனா வகை சிக்லிட்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்குகளில் வாழ்ந்து, பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்கிற கூட்டம். ஒளிய இடமில்லாவிட்டால் பெரியது சின்னதைத் துரத்தித் துரத்தியே ஒருவழியாக்கிவிடும். ஆகவே கல் என்பது இங்கே அலங்காரம் இல்லை, குடியிருப்பு.

முதல் கல் சித்தப்பாவுடையது. தங்க நிறத்தில் பளபளவென்று இருந்தது. “நடுவுல வை, ராஜா மாதிரி இருக்கும்” என்றார். கல்லில் மைக்கா மினுக்கினால் பயமில்லை. இதுவோ பைரைட், அதுவும் ஓரமெல்லாம் துரு வழிந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். தண்ணீரும் ஆக்ஸிஜனும் பட்டால் மெதுவாகச் சிதைந்து அமிலம் விடும். பச்சைக் கறை படிந்த கல் என்றால் தாமிரமாக இருக்கலாம், அது மீனுக்கு இன்னும் ஆபத்து. இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது? “அருமையான கல் சித்தப்பா” என்று வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அடுத்து அக்கா ஒரு வெள்ளைக் கல் கொண்டுவந்தாள். அவள் எதிரிலேயே வினிகர் சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. “பொங்குது, விஷம்!” என்று என் பையன் கத்தினான். ஏதோ வீடியோவில் பார்த்தானாம். அக்கா முகம் வாடிவிட்டது.

இந்தப் பொங்கல் விஷயத்தில்தான் பாதிப்பேர் அவசரப்படுகிறார்கள். நுரைத்தால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அது தண்ணீரைக் கடினமாக்கும், பிஎச்சை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவை, ஏற்றும். டிஸ்கஸ், ராம் மாதிரி மென்மையான தண்ணீரில் வாழும் தென் அமெரிக்க மீன்களுக்கு அது ஆகாது. மலாவி ஏரியின் பிஎச்சோ 7.7 முதல் 8.6 வரை. என் மீன்களுக்கு அக்காவின் கல் சொந்த ஊர்த் தண்ணீரையே கொண்டுவந்த மாதிரி. இன்னொன்று, வினிகர் பலவீனமான அமிலம். கார்பனேட் இருந்தாலும் டோலமைட் போன்ற கல் அதற்கெல்லாம் அசையாமல் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும். சந்தேகமிருந்தால் வாளித் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டுப் பிஎச் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

பையனுக்கு விளக்கம் புரிந்ததோ இல்லையோ, வினிகர் பாட்டில் பிடித்துவிட்டது. மாடிப்படி, பூந்தொட்டி, அம்மி என்று வரிசையாகச் சோதித்தான். ஹாலில் பளிங்குத் தரையில் இப்போது மங்கலாக ஒரு வட்டம் இருக்கிறது. எங்கள் தரையும் மலாவி மீனுக்கு ஏற்றதுதான் என்று தெரிந்துகொண்டோம்.

தேறிய கற்கள் கருங்கல், பசால்ட், ஸ்லேட், அக்காவின் வெள்ளைக் கல். அம்மா வந்து பார்த்தார். “கிருமி இருக்கும்டா, குக்கர்ல போட்டு எடு.”

“எத்தனை விசில் அத்தை?” என்றாள் மனைவி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கல்லின் நுண்துளைகளில் ஈரம் அடைபட்டிருந்தால், சூடேறும்போது நீராவிக்கு வெளியேற வழியில்லாமல் கல்லே வெடித்துச் சிதறலாம் என்று சொல்லி அடுப்பைக் காப்பாற்றினேன். முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போதும். சோப்பு மட்டும் கூடவே கூடாது. கூர்மையான ஓரங்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்து அரத்தால் ராவினேன். என் கையைக் கீறுவது மீனையும் கீறும்.

அடுக்கும்போது முதலில் கல், பிறகுதான் மணல். மணல்மேல் கல்லை வைத்தால் சிக்லிட் அடியில் தோண்டித் தோண்டி மொத்தத்தையும் சரித்துவிடும், அப்புறம் கண்ணாடிக்கு உத்தரவாதமில்லை. கண்ணாடிமேல் ஒரு பிளாஸ்டிக் வலை விரித்து, அதன்மேல் பெரிய கற்களை ஆட்டம் இல்லாமல் நிறுத்தினேன். மீன்கள் உள்ளே போனதும் மணலை வாயில் அள்ளி அள்ளித் துப்பி என் அழகான மேட்டைப் பள்ளமாக்கின. கல் அசையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். நேராகத் தொட்டிமுன் போய்க் குனிந்தார். “என் கல் எங்கடா?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மனைவி சட்டென்று நடுவில் இருந்த கருங்கல்லைக் காட்டினாள்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“தண்ணில போட்டதும் மினுக்கமெல்லாம் போயிடுச்சே. இன்னொண்ணு இருக்கு, கொண்டு வர்றேன்.”